எட்டு கோர் இருந்தால் போதுமா?
பிள்ளைகளின் படிப்புக்கு டேப்லெட் வாங்கும் முன் ஒரு நிமிடம்

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுத் தம்பி வாசலில் வந்து நின்றார். "அண்ணா, பாப்பாவுக்கு டேப்லெட் வாங்கணும். நீங்க கொஞ்சம் கூட வரணும்" என்றார். அடுப்படியில் இருந்த என் மனைவி, "ஏம்பா, கொழந்தைக்கு என்ன ஒடம்புக்கு? நேத்து நல்லாத்தானே பள்ளிக்கூடம் போனா!" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். மாத்திரை இல்லை, படிக்கிற டேப்லெட் என்று புரிய வைப்பதற்குள் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தம்பி விஷயத்துக்கு வந்தார். மகள் பி.யு.சி. இரண்டாம் வருடம். மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத ஆசை. பெங்களூரில் கோச்சிங் சேர்க்க வசதியில்லை. ஆகவே வீட்டிலிருந்தே படிக்கும் வகுப்பில் சேர்த்திருக்கிறார். அம்மாவின் சிறிய செல்போனில் படங்களும் எழுத்துகளும் சரியாகத் தெரியவில்லை. கையில் சீட்டு எடுத்த பணம் பதினைந்தாயிரம் இருக்கிறது. "கடைக்காரர் மூணு தினுசு காட்டறாரு அண்ணா. மூணுலயும் பிராசஸர்தான் வித்தியாசம்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கடன்பட்டாவது நல்லதா வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் அவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு நம் ஊரில் பல குடும்பங்களின் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. அந்தப் பதினைந்தாயிரத்தில் எத்தனை ரயில் பயணங்கள் அடங்கியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நானும் அதே ரயிலில் போய் வந்தவன்தான்.

இந்தக் கேள்வி நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. எனவே அன்று அவருக்குச் சொன்னதையே, இன்னும் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் ஏமாந்த கதை

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஐந்தாம் வகுப்புப் படித்த என் பேத்திக்காக ஒரு டேப்லெட் வாங்கினேன். பெட்டியின் மேல் 'ஆக்டா கோர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "எட்டு கோர் சார், எட்டு மூளை மாதிரி" என்றார் கடையிலிருந்த பையன். எட்டு மூளையா! இராவணனுக்கு இரண்டுதான் அதிகம் என்று பெருமையோடு வாங்கி வந்தேன்.

மூன்றாவது மாதமே வேலையைக் காட்டியது. வகுப்பு நடக்கும்போது பாடப் புத்தகத்தைத் திறந்தால் டீச்சரின் குரல் விட்டுவிட்டு வரும். ஒரு பக்கம் புரட்டினால் திரை அப்படியே நின்றுவிடும். குழந்தை, "தாத்தா, இது தூங்குது" என்பாள். கடையில் கேட்டால், "எட்டு கோர் ஆச்சே சார், நெட்தான் ஸ்லோ" என்று சொல்லிவிட்டார்கள். குறை எங்கே என்று பிறகு என் மகனிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கேஜ் ஒன்று, ஆட்கள் நூறு

நான் சாம்பியன் ரீஃபில் வைண்டிங் இன்ஜின் பகுதியில் வேலை செய்தவன். எனவே எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்கிறேன்.

பூமிக்கடியில் ஒரு லெவலில் நூறு பேர் நின்று கல்லை வண்டியில் அள்ளிப் போடலாம். ஆனால் அந்தக் கல் வெளிச்சத்துக்கு வர வேண்டுமானால் ஷாஃப்ட் வழியாகத்தான் வர வேண்டும். மேலே இழுக்கும் இன்ஜினுக்கு வேகம் இல்லையென்றால் கீழே இன்னும் நூறு பேரை இறக்கியும் பயனில்லை. வண்டிகள் வரிசையில் காத்துத்தான் நிற்கும்.

பிராசஸர் என்பது டேப்லெட்டின் கணக்குப் போடும் சில்லு. அதற்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளே கோர்கள். சில வேலைகளை எட்டு கோர்களும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் புரட்டுவது, ஒரு ஆப்பைத் திறப்பது, இணையப் பக்கம் ஒன்றை விரிப்பது போன்ற அன்றாட வேலைகளில் பெரும் பகுதி ஒரே கோரின் தலையில்தான் விழுகிறது. அந்த ஒன்று பலசாலியாக இல்லையென்றால் மற்ற ஏழும் வேடிக்கைதான் பார்க்கும்.

கோர்களில் சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. பெரும்பாலான டேப்லெட் சில்லுகளின் அடிப்படை வடிவமைப்பு இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்ம் என்ற நிறுவனத்துடையது. அதில் கார்டெக்ஸ் ஏ53, ஏ55 ஆகியவை சிறிய கோர்கள். மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும், வேலையும் நிதானம்தான். ஏ75, ஏ76, ஏ78 ஆகியவை பெரிய கோர்கள். நல்ல சில்லில் இரண்டு வகையும் கலந்திருக்கும். சாதாரண வேலையைச் சிறியவை பார்த்துக்கொள்ளும். பாரமான வேலை வந்தால் பெரியவை கைகொடுக்கும்.

இரண்டு சில்லுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மீடியாடெக் நிறுவனத்தின் ஹீலியோ பி22டி என்ற சில்லில் எட்டு கோர்கள், எட்டும் சிறிய ஏ53 வகை, வேகம் 2.3 ஜிகாஹெர்ட்ஸ். அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஹீலியோ ஜி99 என்ற சில்லிலும் எட்டு கோர்கள்தான். ஆனால் இரண்டு பெரிய ஏ76, ஆறு சிறிய ஏ55; அதிகபட்ச வேகம் 2.2 ஜிகாஹெர்ட்ஸ். பெட்டியை மட்டும் படித்தால் முதலாவதே வேகமானது என்று தோன்றும். உண்மையில் ஒரு கோர் தனியாகச் செய்யும் வேலையில் இரண்டாவது, முதலாவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமானது. ஜிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை அடி எடுத்து வைக்கிறது என்ற கணக்கு. ஒவ்வொரு அடியின் நீளத்தையும் பார்க்க வேண்டாமா?

நாட்டுக்கே நடந்த பாடம்

நான் கற்ற பாடத்தை நம் நாடே ஒருமுறை கற்றிருக்கிறது. 2011 அக்டோபர் 5 அன்று புதுடில்லியில் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல், 'ஆகாஷ்' என்ற மலிவு விலை டேப்லெட்டை மாணவர்களுக்காக அறிமுகப்படுத்தினார். ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யும் டேட்டாவிண்ட் என்ற நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. அரசுக்கு ஒன்றின் விலை சுமார் 2,250 ரூபாய். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நாமும் மகிழ்ந்தோம்.

ஆனால் அதன் பிராசஸரின் வேகம் 366 மெகாஹெர்ட்ஸ். ராம் 256 எம்.பி. மட்டுமே. அழுத்தித் தொட்டால்தான் ஏற்கும் திரை. கையில் வாங்கிப் பார்த்தவர்கள் மிகவும் மந்தம் என்றார்கள். அதன்பின் அதே நிறுவனம் பொதுமக்களுக்கு 'யூபிஸ்லேட் 7+' என்று ஒன்றை 2,999 ரூபாய்க்கு அறிவித்தது. அதில் கார்டெக்ஸ் ஏ8 வகைச் சில்லு, 700 மெகாஹெர்ட்ஸ். படிப்புக்காக டேப்லெட் வாங்குகிறவன் 'எந்தப் பிராசஸர்?' என்று கேட்க வேண்டிய நிலை நம் நாட்டில் அன்றே வந்துவிட்டது.

2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஆகாஷ் 2'-ஐ வெளியிட்டார். இம்முறை பொறுப்பு பம்பாய் ஐ.ஐ.டி.யிடம் இருந்தது. 1 ஜிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் ஏ8 சில்லு, இரண்டு மடங்கு ராம், மெதுவாகத் தொட்டாலே ஏற்கும் திரை. அரசு கொடுத்த விலையோ ஏறக்குறைய பழைய விலைதான்! மலிவாக வாங்குவது தவறல்ல. அதே காசுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவதுதான் தவறு என்பதை இதைவிட யார் எடுத்துச் சொல்ல முடியும்?

நம் கர்நாடக அரசும் 2021-இல் அரசுக் கல்லூரி மாணவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டேப்லெட் வழங்கியது. டேப்லெட் இனி பணக்கார வீட்டுப் பொருள் அல்ல. அதனால்தான் தேர்ந்தெடுக்கும் வித்தையும் நம் வீடுகளுக்கு வந்து சேர வேண்டும்.

கடையில் ஓடும் மயில் படம்

எந்தக் கடைக்குப் போனாலும் டேப்லெட்டில் அருவியோ மயிலோ பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கும். "பாருங்க சார், எவ்வளவு ஸ்பீடு!" என்பார்கள். இதில் மயங்க வேண்டாம். வீடியோவை விரித்துக் காட்டுவதற்குச் சில்லுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கோர்களுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஆகவே எட்டாயிரம் ரூபாய் டேப்லெட்டிலும் மயில் அழகாகத்தான் ஆடும். வீடியோவைப் பார்த்துப் பிராசஸரை எடை போட முடியாது.

அதற்குப் பதிலாக இந்த நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

ஒன்று: இருநூறு பக்கமுள்ள ஒரு பாடப் புத்தகத்தை டேப்லெட்டில் திறந்து, நூற்றைம்பதாம் பக்கத்துக்கு ஒரே இழுப்பில் போய்ப் பாருங்கள். எழுத்து தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறது?

இரண்டு: திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பாட வீடியோவை ஓட விட்டு, மறு பாதியில் தமிழில் நான்கு வரி குறிப்பு எழுதுங்கள். விரல் தொட்டதும் எழுத்து வருகிறதா, யோசித்து வருகிறதா?

மூன்று: ஐந்து ஆப்களை வரிசையாகத் திறந்துவிட்டு முதல் ஆப்புக்குத் திரும்புங்கள். விட்ட இடத்திலேயே இருந்தால் நல்லது. முதலிலிருந்து ஆரம்பித்தால் ராம் போதவில்லை என்று பொருள்.

நான்கு: வீட்டிலிருப்பவரை வீடியோ காலில் கூப்பிட்டு, பேசிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டுங்கள். நேரடி வகுப்பு என்பது இதுதான். படம் போகவும் வேண்டும், வரவும் வேண்டும், புத்தகமும் நகர வேண்டும்.

கடைக்காரர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லையென்றால் அடுத்த கடையைப் பாருங்கள். கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

பிராசஸரோடு பார்க்க வேண்டிய இன்னும் மூன்று

பிராசஸர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மற்றவை சரியாக இல்லையென்றால் பணம் வீண்.

முதலாவது ராம். வேலை செய்யும் மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக்கு 4 ஜி.பி. குறைந்தபட்சம்; 6 ஜி.பி. இருந்தால் சில ஆண்டுகள் கவலையில்லை. இதில் ஒரு தந்திரம் நடக்கிறது. '8 ஜி.பி.' என்று போட்டுவிட்டு, பொடி எழுத்தில் '4+4' என்று எழுதியிருப்பார்கள். உண்மையான ராம் நான்குதான். மீதி நான்கு, பொருள் சேமிக்கும் இடத்திலிருந்து இரவல் வாங்குவது. அதன் வேகம் ராமுக்கு ஈடாகாது.

இரண்டாவது சேமிக்கும் இடம். 64 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. இதிலும் இஎம்எம்சி, யூஎஃப்எஸ் என்று இரண்டு வகை, பின்னது வேகமானது. பிராசஸர் நல்லதாக இருந்தும் ஆப்கள் திறக்கத் தாமதமானால் பல சமயம் இதுவே காரணம்.

மூன்றாவது, எத்தனை வருடம் புதுப்பிப்பு தருவார்கள் என்பது. பழைய சில்லில் புதிய ஆண்ட்ராய்டு வராது. நாளடைவில் பாட ஆப்களும் ஒவ்வொன்றாக 'இந்தச் சாதனத்தில் இயங்காது' என்று சொல்லத் தொடங்கும். எந்த ஆண்டு வந்த மாடல், எந்த ஆண்டுவரை புதுப்பிப்பு உண்டு என்று கேளுங்கள்.

ரயிலில் போய்ப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில்லு விவரத்தில் 12 நானோமீட்டர், 6 நானோமீட்டர் என்று இருக்கும். இந்த எண் குறையக் குறைய, அதே வேலைக்குப் பொதுவாக மின்சாரம் குறைவாகச் செலவாகும். மேலே சொன்ன ஹீலியோ பி22டி 12 நானோமீட்டர். ஹீலியோ ஜி99 6 நானோமீட்டர். போக இரண்டு மணி, வர இரண்டு மணி ரயிலில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். இரவிலேயே பாடங்களை வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் நெட் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

யாருக்கு எது?

பத்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமும் வீடியோவும்தான் முக்கியம். மத்திய அரசின் தீக்ஷா ஆப்பில் கன்னடத்திலும் தமிழிலும் பாடங்கள் கிடைக்கின்றன. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் தமிழ் பேசும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் மின்னூலகமும் பெரிய வரம். இவற்றுக்கு இரண்டு ஏ75 கோர்களும் 4 ஜி.பி. ராமும் உள்ள சில்லே போதும். யூனிசாக் டி618, ஹீலியோ ஜி85 போன்றவை இந்த ரகம்.

பி.யு.சி.யும் நுழைவுத் தேர்வும் படிக்கிறவர்களுக்கு நேரடி வகுப்பு, குறிப்பு, மாதிரித் தேர்வு எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இரண்டு ஏ76 அல்லது ஏ78 உள்ள சில்லு நல்லது. ஹீலியோ ஜி99, ஸ்னாப்டிராகன் 695 போன்றவை இந்த வகை. நடுத்தர விலை, நான்கு வருடம் உழைக்கும்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடில் உள்ள சில்லுகள் இவற்றைவிடப் பல மடங்கு வலுவானவை. 2021-இல் வந்த ஐபேடில் ஏ13, 2022-இல் வந்ததில் ஏ14, 2025-இல் வந்ததில் ஏ16. படம் வரைகிற, வீடியோ வெட்டி ஒட்டுகிற படிப்பு என்றால் அந்த வலு பயன்படும். உயிரியல் புத்தகத்தைப் புரட்டுவதற்கு அது தேவையில்லை. பேனாவால் எழுத வேண்டுமானால் திரை அந்தப் பேனாவை ஏற்குமா என்று பாருங்கள். அதற்குத் திரையில் வசதி இருக்க வேண்டும்; பிராசஸர் மட்டும் போதாது.

பொறியியல், பி.சி.ஏ. படிக்கிறவர்களுக்கும், பி.காம். படித்து டேலி கற்க விரும்புகிறவர்களுக்கும் என் யோசனை வேறு. டேப்லெட் வேண்டாம், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து லேப்டாப் வாங்குங்கள். அவர்களுக்குத் தேவையான புரோகிராம்களில் பல, இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்காகவும் விண்டோஸுக்காகவும் எழுதப்பட்டவை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் எவ்வளவு நல்ல பிராசஸர் இருந்தாலும் அவை ஏறாது.

அன்று என்ன வாங்கினோம்?

அன்று மாலை தம்பி, பாப்பா, நான் மூவரும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனோம். கடையில் மூன்று பெட்டிகள். முதலாவது ஒன்பதாயிரத்துக்கும் கீழே. எட்டும் சிறிய கோர். நான் முன்பு ஏமாந்த அதே ரகம். மூன்றாவது ஐபேட், மாதத் தவணையில் தருகிறேன் என்றார் கடைக்காரர். பாப்பாவின் கண் அதன் மேலேயே இருந்தது. தம்பி என் காதோரம், "பதினெட்டு மாசம் கட்டலாம்ணா, கொழந்தை ஆசைப்படுது" என்றார்.

நான் பாப்பாவிடமே கேட்டேன். "கண்ணு, நீ இதுல என்னென்ன செய்வே, சொல்லு." அவள் விரல்விட்டுச் சொன்னாள்: வகுப்பு, புத்தகம், மாதிரித் தேர்வு, குறிப்பு. இரண்டாவது பெட்டியை எடுத்து நான்கு சோதனைகளையும் அவளையே செய்யச் சொன்னேன். இரண்டு பெரிய கோர், 6 ஜி.பி. ராம். புத்தகம் வழுக்கிக்கொண்டு போனது. வீடியோ கால் நிற்கவில்லை. பிறகு முதல் பெட்டியிலும் அதையே செய்தாள். அவளுக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. "அந்தப் பெருசுலயும் இதே புத்தகம்தானே தாத்தா" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் தவணைப் பணத்தை எண்ணித் தூக்கம் கெடப்போகும் அப்பாவையும் அவள் பார்த்தாள்.

பதினாலாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. மீதியில் ஒரு உறை வாங்கினோம். ஆறு மாதம் கழித்துப் போன வாரம் விசாரித்தேன். "நிக்கல தாத்தா, நான்தான் நடுவுல தூங்கிடறேன்" என்று சிரித்தாள். தேர்வு அவள் கையில். கருவி இடைஞ்சல் செய்யவில்லை என்ற நிம்மதி எங்களுக்கு.

1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் நம் தங்கவயல். ஆனால் சுரங்கத்துக்கு வந்த வெளிச்சம் நம் முன்னோர் வாழ்ந்த லைன் வீடுகளுக்கு உடனே வந்துவிடவில்லை. அந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். அவர்களுக்கு நல்ல கருவி கிடைக்க வேண்டும். அதற்காகப் பெற்றோர் கடனில் விழவும் கூடாது.

எனவே அன்பர்களே, கடைக்குள் நுழைந்ததும் 'எத்தனை கோர்?' என்று கேட்காதீர்கள். 'பிராசஸரின் பெயர் என்ன? அதில் பெரிய கோர் எத்தனை, எந்த வகை?' என்று கேளுங்கள். பெட்டியின் பின்புறத்திலோ கம்பெனியின் விவரத்தாளிலோ அது இருக்கும். கடைக்காரர் சொல்லத் தயங்கினால், பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, விஷயம் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு மறுநாள் போங்கள். டேப்லெட் எங்கும் ஓடிவிடாது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கணிப்பொறித் துறையில் இருக்கும் நம் இளைஞர்கள், ஒவ்வொரு கல்வியாண்டு தொடங்கும் முன்பும் ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் சங்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். பல குடும்பங்களின் சீட்டுப் பணம் சரியான பொருளுக்குப் போய்ச் சேரும்.